டைட்டில் கார்டு தம்பி

மாலை ஆறு மணிக்குப் போய் எட்டிப் பார்த்தேன். தம்பி சூரியனுக்குக் கதிர் வரைந்துகொண்டிருந்தார்.

"பானை எங்க தம்பி?"

"அது வந்துரும் சார். மொதல்ல ஓப்பனிங்."

24 மணி நேர ஹேக்கத்தான். பொங்கலுக்கு ஒரு கேம். மேலிருந்து அரிசி, வெல்லம், முந்திரி விழும். பானையை இடமும் வலமும் நகர்த்திப் பிடிக்க வேண்டும். முதலாமாண்டுப் பிள்ளைகளுக்கு இதுவே நிறைய. தம்பியோ அரிசியையும் தொடவில்லை, பானையையும் தொடவில்லை.

எட்டு மணிக்குத் தம்பியின் ஸ்டூடியோவுக்குப் பெயர் முடிவானது. அதில் ஒரு 'இசட்' உண்டு, தேவையில்லாத இடத்தில். பிறகு அந்தப் பெயர் திரையில் எப்படித் தோன்ற வேண்டும் என்ற ஆலோசனை. 1992-இல் 'அண்ணாமலை'யில் ரஜினிக்குப் புள்ளி புள்ளியாய்ச் சேர்ந்து 'சூப்பர் ஸ்டார்' என்று எழுந்ததே, அந்த மாதிரி வேண்டுமாம். புள்ளிக்குப் பதில் அரிசி. ஒவ்வோர் அரிசியும் தனியாகச் சுழன்று வந்து உட்கார வேண்டும். கேமில் விழ வேண்டிய அரிசி ஒன்றுகூட விழுந்தபாடில்லை; பெயருக்கு மட்டும் படி அரிசி பறந்தது.

கேம் செய்யும் மென்பொருளான யூனிட்டியை இலவசமாகப் பயன்படுத்துகிறவர்கள் தொடக்கத்தில் அந்நிறுவனத்தின் முத்திரையைக் காட்டியே தீர வேண்டும் என்று முன்பு விதி இருந்தது. 2024-இல் யூனிட்டி 6 வந்தபோது அதை விருப்பத்துக்கு விட்டுவிட்டார்கள். இப்படி மிச்சமான வினாடிகளில் தம்பி கல்லூரி முத்திரை, துறை முத்திரை, தன் ஸ்டூடியோ முத்திரை மூன்றையும் குடிவைத்தார். ஒவ்வொன்றும் மெதுவாக வந்து மெதுவாக மறையும். 'ஸ்கிப்' பொத்தான் கிடையாது. கேட்டால், "ஸ்கிப் பண்ணிட்டா யார் சார் பாப்பாங்க?"

பயமுறுத்திப் பார்ப்போம் என்று அட்டாரியின் 'ஈ.டி.' கதையைச் சொன்னேன். 1982 கிறிஸ்துமஸ் விற்பனைக்காக ஐந்தே வாரத்தில் செய்த கேம். ஆடியவர்கள் பள்ளத்தில் விழுந்து விழுந்தே நொந்துபோனார்கள். விற்காத கேசட்டுகளை நியூ மெக்சிகோவில் ஒரு குப்பைமேட்டில் புதைத்து, 2014-இல் தோண்டியும் எடுத்தார்கள். தம்பி உடனே போனில் தேடினார். தொடக்கத் திரையில் ஈ.டி.யின் முகம்.

"டைட்டில் செமயா இருக்கே சார்!"

அப்புறம் நான் டீ குடிக்கப் போய்விட்டேன்.

இரவு பதினோரு மணிக்குத் தம்பி வீட்டுக்கு போன் போட்டார். "அம்மா, ஒரு குலவை போட்டு வாட்ஸ்அப்ல அனுப்பு."

"இந்நேரத்துல குலவை போட்டா பக்கத்து வீட்டுல என்ன ஏதுன்னு ஓடி வருவாங்கடா."

ஆனாலும் அனுப்பினார். குலவைக்கு நடுவே குக்கர் விசில் ஒன்று கேட்டது. வெட்டி எறியச் சொன்னேன். "இருக்கட்டும் சார், எங்க வீடு மாதிரியே இருக்கு" என்றார். ஓப்பனிங்கில் பானை பொங்கி வழிய, அந்தக் குலவை எழுந்தபோது பக்கத்து மேசைப் பிள்ளைகளெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கும் பிடித்திருந்தது, பொய் சொல்வானேன்.

இத்தனைக்கும் நடுவில் அதே அணியில் ஒரு பெண் கேமைச் செய்துகொண்டிருந்தாள். அரிசி பானைக்குள் புகுந்து அடிப்பக்கமாக வெளியேறியது, மதிப்பெண் ஏறவில்லை. காரணம், கோடில் ஒரு ஃபங்க்ஷன் பெயரின் கடைசியில் '2டி' விட்டுப்போயிருந்தது. யூனிட்டி பிழை என்று ஒரு வார்த்தை சொல்லாது, சும்மா இருக்கும். இரவு இரண்டரை மணிக்கு அவளே அதைக் கண்டுபிடித்தாள். தம்பி அப்போது எழுத்துக்கு நிழல் கொடுத்துக்கொண்டிருந்தார்.

காலையில் நடுவர்கள் வந்தார்கள். அணிக்கு ஐந்து நிமிடம். முத்திரை மூன்று, அரிசி, சூரியன், குலவை என்று அதில் பாதி போயிற்று. கைதட்டல். மீதியைத் தம்பி பேசித் தீர்த்தார். பானையை நகர்த்திப் பார்க்க ஒரு நடுவரும் கை நீட்டவில்லை. கேம் போட்டிக்கு வந்து கேமை ஆடிப் பார்க்காமல் மதிப்பெண் போடுகிறவர்களை வைத்துக்கொண்டு தம்பியைத் திட்டி என்ன ஆகப்போகிறது? அவர் கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. இரண்டாம் பரிசு.

கடைசியில் பெயர்கள் ஓடின. கதை, திரைக்கதை, வடிவமைப்பு, இயக்கம் எல்லாம் தம்பி. அந்தப் பெண்ணின் பெயர் 'சிறப்பு நன்றி'யில், கேன்டீன் அண்ணனுக்குக் கீழே, எழுத்துப்பிழையோடு.