கிளிஃப் ரிச்சர்டும் பெரும்பொழுதும்: ஓர் ஆய்வு

வெற்றிப் பாடல்களை ஆராய்கிறவர்கள் குரல், மெட்டு என்றே மெனக்கெடுகிறார்கள். நாட்காட்டியைப் புரட்டிப் பார்ப்பாரில்லை. அக்குறை தீர்க்கவே இவ்வாய்வு. எடுத்துக்கொண்ட பாடகர், 1940இல் லக்னோவில் ஹாரி வெப்பாகப் பிறந்து, 1948இல் குடும்பத்தோடு இங்கிலாந்துக்குக் கப்பலேறிய கிளிஃப் ரிச்சர்ட். பிரிட்டிஷ் தரவரிசையில் முதலிடம் பிடித்த அவர் பாடல்கள் 14. 1950கள் முதல் 1990கள் வரை எந்தப் பத்தாண்டும் தப்பவில்லை.

கருதுகோள்: பாட்டை வாழவைப்பது காதலைவிடப் பொழுதுதான்; அதாவது தமிழ் இலக்கணம் ஆண்டை ஆறாகப் பகுத்த பெரும்பொழுது. காதல் வந்தாலும் வரும், வராமலும் போகும். டிசம்பர் வந்தே தீரும்.

முதலில் முன்பனி. 1988இல் 'மிசல்டோ அண்ட் வைன்', 1990இல் 'சேவியர்ஸ் டே' இரண்டும் கிறிஸ்துமஸுக்கு உச்சியில் இருந்தன. 1999இன் 'மில்லேனியம் பிரேயர்' இன்னும் வலுவான சான்று. கர்த்தர் கற்பித்த ஜெபத்தை, புத்தாண்டு இரவில் பிரிட்டன் பாடும் 'ஆல்ட் லாங் சைன்' மெட்டில் ஏற்றிய பாட்டு அது. ஜெபம் பழசு, மெட்டும் பழசு. தேதி மட்டுமே புதுசு. அவருடைய நெடுநாள் நிறுவனமான இ.எம்.ஐ. கைவிரித்தது. வானொலிகள் பெரும்பாலும் கண்டுகொள்ளவில்லை. ஆனாலும் மூன்று வாரம் முதலிடம்!

முதுவேனிலில்தான் சிக்கல். இலண்டன் மாடி பஸ்ஸில் இளைஞர்கள் ஏதென்ஸ் வரை போகும் படத்தின் பாட்டான 'சம்மர் ஹாலிடே' முதலிடம் வந்தது 1963 மார்ச்சில். கடும் உறைபனியிலிருந்து பிரிட்டன் அப்போதுதான் தலைதூக்கியிருந்தது. 1996 ஜூலையில் விம்பிள்டனில் மழை; சென்டர் கோர்ட்டுக்கு அன்று கூரை கிடையாது. பார்வையாளராக வந்திருந்த கிளிஃப் மைக்கை வாங்கி, குடைகளுக்கு நடுவே முதலில் பாடியது இதே பாட்டு. டென்னிஸ் வீராங்கனைகள் நவ்ரத்திலோவாவும் வர்ஜீனியா வேடும் பின்பாட்டு. ஆக, கோடைப் பாட்டுக்கு உரிய பொழுது கோடை இல்லாத பொழுது. பொழுது இடம் மாறி வரும் திணைமயக்கத்துக்குத் தொல்காப்பியர் இடம் கொடுத்திருப்பதால் கருதுகோள் பிழைத்தது.

'காங்கிராஜுலேஷன்ஸ்' ஆறு பெரும்பொழுதுக்கும் பொது. யாருக்காவது என்றைக்கும் பிறந்தநாள்தான். வாழ்த்துச் சொன்ன பாட்டே 1968 யூரோவிஷன் போட்டியில் ஸ்பெயினிடம் ஒரே ஒரு புள்ளியில் தோற்றது வேறு விஷயம்.

1959இன் 'லிவிங் டால்', 1979இன் 'வி டோன்ட் டாக் எனிமோர்' ஆகியவை எந்தப் பொழுதுக்கும் கட்டுப்படாமல் அடம்பிடிப்பதால் பின்னிணைப்புக்கு மாற்றப்பட்டன. பின்னிணைப்பு எழுதப்படவில்லை.

எஞ்சுவது 'பேச்சலர் பாய்'. 1963இல் முதலிடம் கண்ட இதைப் பாடியவர் இன்றுவரை கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இதைக் கைக்கிளையில் சேர்ப்பதா பெருந்திணையில் சேர்ப்பதா என்பதை இலக்கணப் புலவர்கள் கூடி முடிவுசெய்யட்டும்.