பந்து எல்லோருக்கும் உருண்டைதான்

இந்த வாரத் தபாலில் பாதிக்கு மேல் பெண் பிள்ளைகளின் விளையாட்டு பற்றித்தான். மொத்த இடத்தையும் அதற்கே கொடுத்துவிட்டேன்.

பி.டி. டீச்சர், தேன்கனிக்கோட்டை
கே: எங்கள் பள்ளியில் ஒரே கிரவுண்டு. சாயங்காலமானால் பையன்கள் பிடித்துக்கொள்கிறார்கள். பெண்களுக்கு எப்போது?
ப: திங்கள், புதன், வெள்ளி பெண்கள். மற்ற மூன்று நாள் பையன்கள். தலைமையாசிரியர் கையெழுத்தோடு பலகையில் எழுதி மாட்டுங்கள். "இடம் இருந்தால் விளையாடுங்கள்" என்பது சலுகை. "புதன், நாலரை மணி" என்பதுதான் உரிமை.

ஓர் அம்மா, ராயக்கோட்டை
கே: மகள் நன்றாக ஓடுகிறாள். ரொம்ப ஓடினால் பின்னால் பிள்ளைப்பேறு பாதிக்கும் என்று பயமுறுத்துகிறார்களே?
ப: இந்தப் புரளிக்குக் கிட்டத்தட்ட நூறு வயது. 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்கள் 800 மீட்டர் ஓடிக் களைத்தார்கள். "பெண் உடம்பு தாங்காது" என்று பந்தயத்தையே தூக்கிவிட்டார்கள். அது திரும்பி வந்தது 1960-ல். மேரி கோம் இரட்டைக் குழந்தைகளைப் பெற்ற பிறகுதான் 2012 லண்டனில் ஒலிம்பிக் பதக்கம் வாங்கினார். மூச்சு வாங்குவது நோய் இல்லை, தாயே. ஓடியதற்கு ரசீது.

கல்லூரி மாணவி, கிருஷ்ணகிரி
கே: 800 மீட்டர் என்றாலே எனக்கு சாந்தி சௌந்தரராஜன் ஞாபகம்தான். அவர் கதை தோல்விக் கதையா?
ப: இல்லவே இல்லை. புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியில் செங்கல் சூளைத் தொழிலாளர்களின் மகள். 2006 தோஹா ஆசிய விளையாட்டில் வெள்ளி. பாலினப் பரிசோதனை என்று சொல்லி அதைப் பறித்தார்கள். பிறகு அவரும் சூளையில் வேலை செய்தார். அரசு தந்த பரிசுப் பணத்தைப் போட்டு ஏழைப் பிள்ளைகளுக்கு ஓடக் கற்றுக்கொடுத்தார். பெங்களூரில் படித்துப் பயிற்சியாளர் ஆனார். பதக்கத்தைப் பிடுங்கியவர்களால் விசிலைப் பிடுங்க முடியவில்லை.

ஆட்டோ ஓட்டுநர், பாகலூர்
கே: ஒரே ஒரு கோச் நினைத்து என்ன மாறிவிடும்?
ப: 1976-ல் கேரள அரசு கண்ணூரில் பெண்களுக்கென்று விளையாட்டுப் பிரிவு தொடங்கியது. அங்கே கோச் ஓ.எம். நம்பியாரிடம் வந்து சேர்ந்த சிறுமிதான் பி.டி. உஷா. 1984 லாஸ் ஏஞ்சலஸில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் நாலாம் இடம். ஒலிம்பிக்கில் ஆண்கள் அதை 1900-லேயே ஓடிவிட்டார்கள். பெண்களுக்கு அந்த 1984-தான் முதல் தடவை. வெண்கலத்துக்கு உஷா தாமதித்தது வினாடியில் நூறில் ஒரு பங்கு. உலகம் தாமதித்தது 84 வருஷம்.

எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனித் தொழிலாளி, ஓசூர்
கே: கம்பெனி ஆண்டு விழாவில் ஆண்களுக்கு கிரிக்கெட் டோர்னமெண்ட். எங்களுக்குக் கோலப் போட்டி. சரிதானா?
ப: கோலம் இருக்கட்டும், அழகான கலை. ஆனால் ஷிப்டும் டார்கெட்டும் சமம் என்றால் டோர்னமெண்டும் சமம். ஹாஸ்டலில் ஏழு பேர் சேருங்கள். த்ரோபால் டீம் என்று பெயர்ப் பட்டியல் எழுதி எச்.ஆர். மேஜையில் வையுங்கள். ஒரு கோரிக்கையைக் கிடப்பில் போடலாம். ஜெர்சி போட்டு வந்து நிற்கும் ஏழு பேரை எந்த ஃபைலில் போடுவார்கள்?

மேலாளர், சிப்காட்
கே: எங்கள் சமூகப் பொறுப்பு நிதியைப் பெண் பிள்ளைகளின் விளையாட்டுக்குச் செலவழிக்கச் சட்டத்தில் இடம் உண்டா?
ப: தாராளமாக. 2013 கம்பெனிச் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் கிராமப்புற விளையாட்டுப் பயிற்சியும் ஒலிம்பிக் விளையாட்டுப் பயிற்சியும் இருக்கின்றன. பயிற்சியாளருக்குச் சம்பளம், பிள்ளைகளுக்கு ஷூ என்று ஆரம்பியுங்கள். கிரவுண்டு ஓரத்தில் தண்ணீர் வரும் கழிப்பறைக்கும் வழி பண்ணுங்கள். பல பெண்களை ஆட்டத்திலிருந்து துரத்துவது கால் வலி இல்லை சார், கதவில்லாத கழிப்பறை.

கபடி வீராங்கனை, ஊத்தங்கரை
கே: எங்களுக்குப் பயிற்சி கொடுக்கப் பெண்கள் வரவே மாட்டார்களா?
ப: வருகிறவர்களை நாம்தான் விடுவதில்லை. நாசிக்கைச் சேர்ந்த ஷைலஜா ஜெயினுக்கு இந்திய அணியைப் பயிற்றுவிக்கும் வாய்ப்புக் கிடைக்கவில்லை. ஈரான் கூப்பிட்டது, போனார். 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டு, பெண்கள் கபடி இறுதி ஆட்டம்: ஈரான் 27, இந்தியா 24. நாம் உட்காரவைத்தவர் எதிர் பெஞ்சில் உட்கார்ந்து ஜெயித்துவிட்டார்.

கிரிக்கெட் ரசிகர், அத்திப்பள்ளி
கே: கூட்டமே வராத பெண்கள் கிரிக்கெட்டுக்குச் சம சம்பளமா?
ப: உங்கள் பெங்களூர் சாந்தா ரங்கசாமி காலத்தில் இந்திய வீராங்கனைகள் முன்பதிவில்லாத ரயில் பெட்டியில் போய் விளையாடினார்கள். 2022-ல்தான் கிரிக்கெட் வாரியம் மேட்ச் ஊதியத்தைச் சமமாக்கியது: டெஸ்டுக்கு 15 லட்சம், ஒருநாளுக்கு 6, டி20-க்கு 3. மூன்றே வருஷம். 2025 நவம்பர் 2, நவி மும்பையில் மைதானம் நிறைய ஜனம், கையில் உலகக் கோப்பை. விதைக்கிற அன்றே களத்துமேட்டில் நெல் எங்கே என்று கேட்காதீர்கள்.

ஒரு தாத்தா, அஞ்செட்டி
கே: பேத்திக்குப் பதினாறு. நல்ல வரன் வந்திருக்கிறது. கபடியை நிறுத்திவிடலாமா?
ப: நிறுத்த வேண்டியது கல்யாணப் பேச்சை, பெரியவரே. பதினெட்டு ஆகாமல் தாலி கட்டினால் 2006 சட்டப்படி குற்றம், நடத்தி வைத்தவருக்கும் சிறை உண்டு. தமிழக அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. அவள் ரெய்டு போகட்டும். நல்ல வரன் என்றால் காத்திருப்பான். காத்திருக்காதவன் நல்ல வரன் இல்லை.

ஏழாம் வகுப்பு மாணவி, தளி
கே: பையன்கள் என்னை ஆட்டத்தில் சேர்க்கவே மாட்டேன் என்கிறார்கள், மாமா.
ப: நாலு தோழிகளைக் கூட்டிக்கொண்டு பக்கத்திலேயே தனி ஆட்டம் ஆரம்பி, கண்ணு. இரண்டு வாரத்தில் அவர்களுக்கு ஆள் குறையும். அப்போது கூப்பிடுவார்கள். போகும்போது ஒரே நிபந்தனை போடு: முதல் பேட்டிங் உனக்கு.

வாசகர், ஓசூர்
கே: சமவாய்ப்பு வந்துவிட்டதா இல்லையா? ஒரே பதிலில் சொல்லுங்கள்.
ப: 1900 பாரிஸ் ஒலிம்பிக்கில் 997 பேரில் பெண்கள் 22. அதே பாரிஸில் 2024-ல் ஆணுக்குப் பாதி, பெண்ணுக்குப் பாதி என்று இடம் ஒதுக்கினார்கள். பாரிஸ் கணக்கு முடிந்தது. உங்கள் கணக்கு? இன்று சாயங்காலம் ஐந்து மணிக்குத் தெருக்கோடி கிரவுண்டுக்குப் போய் எண்ணுங்கள்: பையன்கள் எத்தனை, பெண்கள் எத்தனை? அந்த இரண்டு எண்ணையும் ஒரு கார்டில் எழுதி அனுப்புங்கள். திரும்பும்போது உங்கள் வீட்டுப் பெண்ணுக்கு ஒரு பந்து வாங்கிக்கொண்டு போங்கள்.