கணையத்துக்குப் பொருத்தம் பார்த்த கதை

1877இல் வட இத்தாலியின் பியாசென்சா நகருக்கு அருகே ஒருவர் நிலத்தை உழுதபோது கலப்பையில் வெண்கலத் துண்டு ஒன்று தட்டுப்பட்டது. மண்ணைத் துடைத்துப் பார்த்தால் ஆட்டு ஈரல். வெண்கலத்தில் வார்த்து, விளிம்பைப் பதினாறு கட்டமாகப் பிரித்து, கட்டங்களுக்குள் சாமி பெயர்களைப் பொறித்த ஈரல். பழங்கால இத்தாலியில் வாழ்ந்த எட்ரஸ்கன் மக்களின் பூசாரிகளுக்குப் பஞ்சாங்கம் அது. ஆட்டை அறுத்து, ஈரலில் எந்தக் கட்டத்தில் என்ன கோளாறு என்று பார்த்து, நல்லது கெட்டது சொல்வார்கள். நம்மூர் பல்லி விழும் பலனின் மட்டன் பதிப்பு.

அந்த வெண்கலத்தில் பித்தப்பைக்கு இடம் உண்டு, கணையத்துக்கு இல்லை. இரைப்பைக்குப் பின்னால் பதுங்கிக் கிடக்கும் அந்த உறுப்பை அப்போது யாரும் மதிக்கவில்லை. பிற்பாடு வந்த கிரேக்க மருத்துவர் கேலனுக்கும் அது ரத்தக்குழாய்களுக்கு விரித்த மெத்தைதான்.

1642இல் அதே வட இத்தாலியில், பாதுவாவில், யோகான் கியார்க் விர்சுங் என்ற ஜெர்மானியர் தூக்குத்தண்டனைக் கைதி ஒருவரின் உடலை அறுத்தபோது கணையத்துக்குள் ஒரு குழாயைக் கண்டார். எதற்கென்று புரியவில்லை. செம்புத் தகட்டில் படம் செதுக்கி அச்சடித்து, ஐரோப்பாவின் பெரிய தலைகளுக்கு அனுப்பி விளக்கம் கேட்டார். மறுவருஷம் அவரை வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொன்றார்கள். கணையத்தில் கை வைத்தால் வரும் பின்விளைவுகளின் பட்டியல் இங்கே தொடங்குகிறது.

1898இல் இமோலாவில் அலெஸ்ஸாண்ட்ரோ கொடிவில்லா துணிந்து கணையத் தலையையும் முன்சிறுகுடலையும் வெட்டியெடுத்தார். நோயாளி ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. 1909இல் பெர்லினில் வால்தர் கௌஷ் இரண்டு தவணையாகச் செய்து, நோயாளியைச் சில மாதங்கள் வாழ வைத்தார். ஆனால் ஊர் உலகம் இந்த அறுவையை அழைப்பது 1935இல் கட்டுரை எழுதிய நியூயார்க் மருத்துவர் ஆலன் விப்பிள் பெயரால். கல்யாணம் யாருக்கோ, பத்திரிகையில் பெயர் யாருக்கோ.

விப்பிளின் முதல் நோயாளி இரண்டு நாள்கூடப் பிழைக்கவில்லை. தையல் பிரிந்துவிட்டது. நூலின் பெயர் ‘கேட்கட்’. பெயரில்தான் பூனை, செய்வதென்னவோ பெரும்பாலும் ஆட்டுக்குடலில். கணையத்தின் அன்றாட வேலையே மாமிசத்தைச் செரிப்பது. அதன் பக்கத்தில் ஆட்டுக்குடலைக் கொண்டுபோய்க் கட்டினால் அது சும்மா இருக்குமா? குடல் கறி சாப்பிட்டுவிட்டது. அடுத்து விப்பிள் பட்டு நூலுக்கு மாறினார். பட்டு கட்டியபின் நிலைமை தேறியது.

ஆனாலும் கசிவு போகவில்லை. கணையம், பித்தக்குழாய், இரைப்பை என்று மூன்று இணைப்புகளில், கணைய இணைப்பு ஒழுகினால் அந்த நீர் வயிற்றுக்குள் இறங்கி, கிடைத்ததையெல்லாம் அரிக்கும். ரத்தக்குழாய் அகப்பட்டால் அதையும். 1970இல் அமெரிக்க அறுவை மருத்துவர் ஜார்ஜ் கிரைல் ஜூனியர், கணையப் புற்றுக்கு இந்த அறுவையே வேண்டாம், அடைப்பைச் சுற்றி ஒரு மாற்றுப்பாதை போட்டால் போதும் என்று எழுதினார். அன்றைய சாவுக் கணக்கைப் பார்த்தால் அவரைக் குறைசொல்ல முடியாது.

பிழைப்போர் கூடக்கூட, யாருக்கு ஒழுகும் என்று முன்கூட்டிச் சொல்லும் ஆசையும் வந்தது. ஆனால் ஒழுகல் என்றால் என்ன என்பதிலேயே ஆளுக்கொரு கட்சி. 2005இல் சர்வதேசக் குழு கூடி, அறுவை முடிந்து மூன்றாம் நாளோ அதன் பின்னோ, வயிற்றில் வைத்த வடிகுழாயின் நீரில் அமைலேஸ் என்ற கணைய நொதி ரத்த அளவைப்போல் மூன்று மடங்குக்கு மேல் இருந்தால் கசிவு என்று தீர்ப்புச் சொன்னது. ஏ, பி, சி என மூன்று தரம். 2016இல் மறுபடி கூடி, ‘ஏ’ தரத்தால் நோயாளிக்கு ஒரு தொல்லையும் இல்லையே என்று அதைக் கசிவுப் பட்டியலிலிருந்தே நீக்கினார்கள். வறுமைக்கோட்டை நகர்த்தி ஏழைகளைக் குறைப்பது நமக்கு மட்டுமே தெரிந்த வித்தை இல்லை.

2013இல் வந்தது, யாருக்கு ஒழுகும் என்று பொருத்தம் பார்க்கும் அட்டவணை. மொத்தம் பத்து மதிப்பெண். கணையம் மெத்தென்று இருந்தால் 2. கணையக் குழாயின் விட்டம் 1 மில்லிமீட்டரோ குறைவோ என்றால் 4. அறுவையில் 1000 மில்லிக்கு மேல் ரத்தம் போனால் 3. நோய் கணையப் புற்றோ கணைய அழற்சியோ அல்லாத வேறொன்று என்றால் 1. நம் ஜாதகத்தில் பத்துக்குப் பத்து வந்தால் மண்டபம் பார்ப்போம், இங்கே ஏழு வந்தாலே மருத்துவருக்குத் தூக்கம் போய்விடும்.

அட்டவணையின் கடைசி வரியை மறுபடி படியுங்கள். கணையப் புற்று இருந்தால் ஆபத்து குறைவு! புற்று கணையத்தை இறுக்கிவிடுகிறது. குழாய் அடைபட்டு வீங்கிவிடுகிறது. கெட்டியான சதை, அகன்ற குழாய் என்றால் ஊசிக்குக் கொண்டாட்டம். ஆரோக்கியமான கணையமோ விரலுக்கு வழுக்கும். சாம்பாரில் ஊறின இட்லியில் பட்டன் தைப்பது போல, இழுத்தால் கிழியும், இழுக்காவிட்டால் ஒழுகும். இரண்டாயிரம் வருஷ ஜோசியம், கடைசியில் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் கிள்ளிப் பார்ப்பதில் வந்து நின்றது. கத்தரிக்காய் வாங்குகிறவர்கள் இதைக் காலங்காலமாகச் செய்கிறார்கள்.

ஜாதகமே கேட்காத ஜோசியம் ஒன்றும் உண்டு. 2002இல் அமெரிக்க முதியோர் காப்பீட்டுக் கணக்கைப் புரட்டினார்கள். கணையத்தை வெட்டும் அறுவையை அபூர்வமாகச் செய்யும் மருத்துவமனைகளில் இறப்பு 16.3 சதவீதம், அடிக்கடி செய்யும் இடங்களில் 3.8. ஆக, “டாக்டர், இங்கே வருஷத்துக்கு எத்தனை விப்பிள் செய்வீர்கள்?” என்ற கேள்விக்குப் பலன் அதிகம்.

அதற்கடுத்த பாடம் நெதர்லாந்திலிருந்து. அங்கே இந்த அறுவை செய்யும் 17 மையங்களும் ஒரு பரிசோதனையில் சேர்ந்தன. பெயர் போர்ஷ். கார் இல்லை. அறுவைக்குப்பின் தினமும் காய்ச்சல், ரத்தப் பரிசோதனை, வடிகுழாய் நீர் ஆகியவற்றைப் பார்த்து, எப்போது ஸ்கேன், எப்போது மருந்து, எப்போது குழாயை எடுப்பது என்று வரிசையாக எழுதிவைத்து நடந்தார்கள். 2022இல் முடிவு வந்தது. பெரும் ரத்தக்கசிவு, உறுப்புச் செயலிழப்பு, மரணம் ஆகியவற்றில் ஏதேனும் நேர்ந்தவர்கள் 14 சதவீதத்திலிருந்து 8க்கு இறங்கினார்கள். இறப்பு மட்டும் 5இலிருந்து 3.

பியாசென்சா பூசாரிக்கு ஒரு வசதி இருந்தது. பலன் சொல்லும்போதே ஆடு செத்திருக்கும், ஒரு தடவை பார்த்தால் போதும். இங்கே ஆள் கட்டிலில் கண் விழித்து, எப்போது காபி தருவீர்கள் என்று கேட்கிறார். நாளைக் காலையும் போய்க் குழாயைப் பார்த்தாக வேண்டும்.