குழாயடியில் ஒரு பாகப்பிரிவினை

கறுப்புத் திரையில் ஒரு கட்டளையைத் தட்டுகிறீர்கள். எல்லாம் ஒழுங்காக நடந்தால் அது வாயே திறக்காது. தப்பு நடந்தால் மட்டும் வள்ளென்று விழும். இந்தக் குணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், யூனிக்ஸ் பக்தர்கள் கண்ணை மூடிக்கொண்டு தத்துவம் என்பார்கள். எனக்கென்னவோ விரல்வலிதான் காரணம் என்று தோன்றுகிறது.

1969-இல் நியூ ஜெர்சியின் மர்ரே ஹில்லில் இருந்த பெல் ஆய்வகம், மல்டிக்ஸ் என்ற இயங்குதளத் திட்டத்தின் கூட்டுக் குடும்பத்தை விட்டு வெளியேறியது. எம்.ஐ.டி.யோடும் ஜெனரல் எலக்ட்ரிக்கோடும் சேர்ந்து வைத்த உலை கொதிப்பதாகவே தெரியவில்லை. கென் தாம்சன், மூலையில் கேட்பாரற்றுக் கிடந்த பிடிபி-7 கணினி ஒன்றைப் பிடித்துக்கொண்டு தனிக்குடித்தனம் போனார். டென்னிஸ் ரிச்சியும் சேர்ந்துகொண்டார். அந்தத் தனிக்குடித்தனம்தான் யூனிக்ஸ். பண்டபாத்திரம் என்று கையில் இருந்தது டெலிடைப்.

அதற்குத் திரை கிடையாது; காகிதச் சுருள்தான். மாடல் 33 நொடிக்கு 10 எழுத்து அடிக்கும், அதுவும் நெல் மில் ஓடுகிற சத்தத்தோடு. விசையை அழுத்தினால் போதாது, குத்த வேண்டும். அந்தக் காலத்தில் 'கோப்பு நல்லபடியாக நகலெடுக்கப்பட்டது, வணக்கம்' என்று நிரல் மரியாதை காட்டினால், ஐம்பது எழுத்து மரியாதைக்கு ஐந்து நொடி தடதடப்பு. எனவே பேசாமலிருப்பதே நாகரிகம் ஆயிற்று. கட்டளைகளும் எல்எஸ், சிபி, ஆர்எம் என்று ஈரெழுத்தாய் இளைத்தன. 'ஈடி' என்ற எடிட்டருக்கு ஏதாவது பிடிக்காவிட்டால் ஒரே ஒரு கேள்விக்குறி போடும். என்ன தப்பு என்று நீங்களே யோசித்துக்கொள்ள வேண்டும், கோபித்துக்கொண்ட மாமனாரிடம் யோசிப்பதைப் போல. கோப்பு உருவாக்கும் 'கிரியேட்' அழைப்பிலும் கடைசி 'ஈ' எழுத்தை மிச்சம் பிடித்தார்கள். மறுபடி எழுதினால் எதை மாற்றுவீர்கள் என்று பின்னாளில் கேட்டபோது, அந்த 'ஈ'யைச் சேர்ப்பேன் என்றார் தாம்சன்.

இதற்கிடையே டக் மெக்கில்ராய் என்ற துறைத் தலைவருக்கு ஓர் ஆசை. தோட்டத்து ஹோஸ் பைப்புகளை ஒன்றோடொன்று திருகி மாட்டுகிறோமே, அதுபோல நிரல்களையும் மாட்டிவிட வேண்டும் என்று 1964-லேயே குறிப்பெழுதி வைத்தவர் அவர். வரன் பார்க்கச் சொல்லும் பாட்டியைப் போல விடாமல் நச்சரித்தார். ஒன்பது வருடம் கழித்து, 1973-இல், தாம்சன் ஒரே ராத்திரியில் குழாயைப் பதித்துவிட்டார். விடிந்ததும் ஆய்வகமே குழாயடியில் கூடிவிட்டது. எதை எதோடு சொருகலாம் என்று ஆளாளுக்கு ஒற்றை வரி வித்தை.

முதலில் குழாய்க்கெனத் தனிக் குறி கிடையாது. வெளியீட்டைக் கோப்புக்குத் திருப்பும் '>' குறியையே இதற்கும் இழுத்துப் போட்டிருந்தார்கள்; பார்க்கச் சகிக்காது. லண்டனில் போய்ப் பேச வேண்டிய நாள் நெருங்கியது. இந்த அலங்கோலத்தை எப்படி நாலு பேருக்குக் காட்டுவது என்று தாம்சனுக்கே கூச்சம் வந்து, '|' என்ற செங்குத்துக் கோட்டைப் பிடித்தார். விருந்தாளி வருகிறார் என்றால்தானே வீட்டுக்கு வெள்ளையடிக்கிறோம்!

குழாயடி என்றால் சண்டை வராமலா? நிரலின் விளைவும் அதன் புலம்பலும் ஒரே வாய் வழியாக வந்துகொண்டிருந்தன. சொற்களை எண்ணும் நிரலிடம் குழாயைச் செருகினால், 'கோப்பைத் திறக்க முடியவில்லை' என்ற அழுகையையும் சேர்த்து எண்ணிவிடும். இதையாவது பொறுத்துக்கொள்ளலாம். ஆய்வகத்துக்கு ஒரு ஃபோட்டோ டைப்செட்டர் வந்து சேர்ந்தது. ஒளிப்படத் தாளில் எழுத்தைப் பதிக்கும் சீமைச் சரக்கு. தாளை ரசாயனத்தில் கழுவி எடுத்த பிறகுதான் என்ன விழுந்திருக்கிறது என்றே தெரியும். கழுவி எடுத்துப் பார்த்தால், கட்டுரைக்குப் பதில் பிழைச்செய்தி, கல்யாணப் பத்திரிகை போலக் கண்ணைப் பறிக்கும் அச்சில்! ஒருமுறை நடந்தால் சிரிக்கலாம். பலமுறை தாள் பாழாயிற்று.

அப்போதுதான் பாகம் பிரித்தார்கள். 0 என்பது உள்ளே வரும் வாசல், 1 என்பது விளைவு போகும் வாசல். அழுகைக்குத் தனியாக 2 என்று ஒரு புழக்கடைக் கதவு. குழாய் 1-இல் மட்டும் ஓடும், 2-இல் வருவது நேரே ஆளின் முகத்தில் விழும். முகத்தில் விழுவதும் வேண்டாம் என்றால் 'டெவ் நல்' இருக்கிறது: எவ்வளவு கொட்டினாலும் நிரம்பாத குப்பைக் குழி. பழுதை எல்லாம் அதில் தள்ளிவிட்டு 'எல்லாம் சரியாக ஓடுகிறது' என்று மேலிடத்துக்குச் சொன்ன புண்ணியவான்களில் நானும் ஒருவன்.

இவ்வளவு பாடுபட்டுப் பிரித்த வீட்டை, 2>&1 என்று நாலே எழுத்தில் மறுபடி ஒன்றாக்கும் வழியும் பிறகு வந்தது. அண்ணன் 1 எங்கே போகிறானோ அங்கேயே தம்பி 2-உம் போகட்டும் என்று அர்த்தம். அதிலும் முறை பார்க்க வேண்டும். அண்ணனை முதலில் கோப்புக்குக் குடியேற்றிவிட்டு, பிறகுதான் தம்பிக்கு அண்ணன் விலாசத்தைக் கொடுக்க வேண்டும். மாற்றிச் செய்தால் தம்பி கையில் இருப்பது பழைய விலாசம். அண்ணன் கோப்புக்குள் நிம்மதியாகத் தூங்க, தம்பி பழையபடி திரையில் நின்று கத்திக்கொண்டிருப்பான்.