தூண்டில் பேராண்டிக்கு அப்புச்சி சொல்றது

மீன் புடிக்கறதுக்கு ஒலகத்துலயே ரொம்பக் கஷ்டமான வழி எதுன்னு கேட்டா, நீ இப்பக் காசு போட்டு வாங்கிட்டு வந்திருக்கியே, அதுதான் கண்ணு. வலை இருக்குது, மண்புழு இருக்குது, இத்தனையும் உட்டுப்போட்டு, கனமே இல்லாத எறகுத் துணுக்கை வானத்துல வீசி மீனை ஏமாத்தோணும்னு ஒருத்தன் கெளம்பறான்னா, ஒண்ணு அவனுக்குப் பசி இல்லே, இல்லாட்டிச் சம்பளம் சாஸ்தி. உனக்கு ரெண்டும். அதனால நான் தடுக்கப் போறதில்லே. அவலாஞ்சி மீன் பண்ணையில வாச்சரா இருந்தவனுக்கு இந்தப் பைத்தியம் புடிச்ச ஆளுகளை நெறையாத் தெரியும். நல்ல பைத்தியம். யாரையும் கடிக்காது, மீனும் அவங்க தூண்டிலைக் கடிக்காது.

ஃப்ளை ஃபிஷிங் சாமான்னு நீ பரப்பி வெச்சிருக்கறதுல பாதியைத் திரும்ப மூட்டை கட்டு. ட்ரவுட் மீனுக்கு ஒம்பதடி ராடு, அஞ்சாம் நம்பர் நூல், ஒரு ரீல், இதுக்கு மேல எதுவும் கேக்காது. உன்ர ரீலு என்ன வெலைன்னு கேட்டதுக்கு மெல்ல மொனகினே பாரு, அப்பவே புரிஞ்சுது. சின்ன மீனுக்கு ரீலுங்கறது நூல் சுத்தி வெக்கற டப்பா. காசு எறியறதுன்னா நூலுக்கு எறி. மத்த தூண்டில்ல ஈயக்குண்டு பறந்து நூலை இழுத்துட்டுப் போகும். இங்க கதை தலைகீழு. முள்ளுல கட்டின பூச்சிக்குக் கனமே கெடையாது, நூலுக்குத்தான் கனம். அந்த அஞ்சாம் நம்பர் நூலோட முன்பக்கம் 30 அடிய நிறுத்தா 140 கிரெய்ன், நம்ம கணக்குல ஒம்பது கிராம். ஒரு பவுனுக்குக் கொஞ்சம் மேல. அந்த ஒரு பவுனைக் காத்துல நீட்டிப் போடத் தெரிஞ்சுதுன்னா வித்தை முடிஞ்சுது.

தெரியறதுக்குத்தான் வருசக்கணக்காகும். நேராப் போயி ஓடையில நிக்காதே. களத்து மேட்டுப் புல்லுல நின்னு பழகு. சிமெண்டுத் தரையில வேண்டாம், நூலு மேல இருக்கற பூச்சு தேஞ்சு போயிரும். முள்ளைக் கழட்டிட்டு நுனியில கம்பளி நூல் துண்டு ஒண்ணு கட்டிக்க. நம்ம ஊட்டு ஆடு மேல எனக்கு மரியாதை உண்டு. தலைக்கு மேல கரண்ட் கம்பி இருக்குதான்னு ரெண்டு தடவை பாரு. உன்ர ராடு கார்பன், அதுல கரண்ட் பாயும். அப்பறம் யாரும் உனக்கு மீன் கதை சொல்லித் தர வேண்டியிருக்காது.

கத்துக்கறவன் எல்லாருமே பின்னால வீசறதுலதான் மாட்டுவான். முன்னால வீசறதைக் கண்ணு பாக்குது, பின்னால போற நூலை யாரும் பாக்கறதில்லே. நூலு பின்னால முழுசா நீளறதுக்குள்ள அவசரப்பட்டு முன்னால இழுத்தா, சாட்டை அடிச்ச சத்தம் கேக்கும், பூச்சி அறுந்து போயிருக்கும். எங்கப்பன் காலத்துல கவலை எறச்சவங்களுக்கு இது பாடமே. சால் கெணத்துல எறங்கி, முங்கி, ரொம்பற வரைக்கும் மாட்டை ஓட்டக் கூடாது. அவசரக்காரன் ஓட்டினா அரைச்சால் தண்ணிதான் வாய்க்காலுக்கு வரும். நீ சாலைப் பாத்ததில்லே, அதனால கழுத்தைத் திருப்பிப் பின்னால போற நூலைப் பாத்துட்டே வீசு. யாராச்சும் சிரிச்சா சிரிக்கட்டும். மணிக்கட்டு ஆடுதா? முழங்கைக்கும் விலாவுக்கும் நடுவால ஒரு பொஸ்தகத்தை இடுக்கிக்க. அது கீழ உழுகாம வீசு. நீ படிக்காம வெச்சிருக்கற பொஸ்தகம் நெறைய இருக்குது, ஒண்ணாவது உபயோகப்படட்டும்.

இன்னொண்ணு, எம்பதடி வீசறவனைப் பாத்து நாக்கைத் தொங்கப் போடாதே. அவன் வீசறது பாக்கறவனுக்கு, மீனுக்கில்லே. மலை ஓடையில ட்ரவுட்டு உன்ர காலடியிலேருந்து இருபதடியில நிக்கும். நீ தடதடன்னு தண்ணியில எறங்கற சத்தம் கேட்டு ஓடியிருக்கும், அவ்வளவுதான். அது எப்பவும் ஒழுக்குக்கு எதுத்து மூஞ்சியை வெச்சு நிக்கும், தீனி மேலேருந்துதானே வருது. அதனால கீழேருந்து, அதோட வாலுப்பக்கமா, குனிஞ்சு போ. கல்லுக்குப் பொறகால, வேகத் தண்ணியும் மெதுவாப் போற தண்ணியும் ஒரசற கோட்டுல பூச்சியைப் போடு. போட்டதுக்கப்பறம் அது தண்ணியோட வேகத்துலயே மெதக்கோணும். நூலு இழுத்து ஒரு கோடு கிழிச்சுதோ, மீனு உன்னைப் பத்தி ஒரு முடிவுக்கு வந்துரும்.

பூச்சி கட்டறதுல நீ எறங்கப் போறேங்கறதை நெனச்சாத்தான் எனக்கு வெசனம். அதுக்கு மருந்து கெடையாது. மேஃப்ளைன்னு ஒரு பூச்சி, மாசக்கணக்காத் தண்ணிக்கடியில கல்லுல ஒட்டிக் கெடந்துட்டு, றெக்கை மொளச்சு வெளிய வந்தா ஒண்ணு ரெண்டு நாளுதான் ஆயுசு. திங்கறதுக்கு வாயே வேலை செய்யாது. அந்த வாயில்லாப் பூச்சியை எறகுல செஞ்சு காட்டறதுக்குத்தான் இத்தனை ஆர்ப்பாட்டமும். சால்மன் மீனுக்குக் கட்டற பகட்டுப் பூச்சியில, கன்னத்துல ஒரு பொட்டு வெப்பாங்க. அது எதுங்கறே? நம்ம தென்னாட்டுக் காட்டுச் சாவலோட கழுத்து எறகு, மெழுகு தடவினாப்பல மஞ்சப் புள்ளி வெச்சது. வெள்ளைக்காரன் காலத்துல கப்பலேறிப் போச்சு. இப்ப 1972-ஆம் வருசக் காட்டுயிர்ச் சட்டம் இருக்குது, காட்டுல தானா உழுந்து கெடந்தாலும் கை வெக்காதே. இந்த எறகுப் பித்து எங்க கொண்டுபோய் உடும்னு கேளு. 2009-ல இங்கிலாந்துல ட்ரிங் அருங்காட்சியகத்துல புகுந்து, புல்லாங்குழல் படிச்சுட்டிருந்த ஒரு பையன் பாடம் பண்ணி வெச்சிருந்த 299 பறவையைத் திருடிட்டுப் போனான். எல்லாம் தூண்டில் பூச்சி கட்டற எறகுக்காக. உனக்குப் புல்லாங்குழல் வராதுங்கறதுல எனக்கு ஒரு நிம்மதி.

இந்த ஆர்ப்பாட்டம் எதுவும் இல்லாம காவேரியில மஹ்சீரைப் புடிச்சாங்க தெரியுமா? ராகிக் களி உருண்டைக்கு. 1946-ல கபினி ஆத்துல வான் இன்ஜென்னு ஒருத்தர் புடிச்சது 120 பவுண்டு, அம்பத்துநாலு கிலோ. இப்பக் காவேரியில திமில் மஹ்சீர் அழியற நெலைமைக்கு வந்துருச்சு, அதை நெனப்புல மட்டும் வெச்சுக்க.

சரி, வெளிநாட்டுக்கு வருவோம். மொன்டானா போகோணுங்கறே. ஃப்ளை ஃபிஷிங்கை வெச்சு 1992-ல வந்த அந்தப் படத்தைப் பாத்துட்டுத்தானே? கதையில வர்றது பிளாக்ஃபுட் ஆறு, படத்துல காட்டறது பெரும்பாலும் காலட்டின் ஆறு. டிக்கெட் போடறதுக்கு முன்னால எந்த ஆத்து மேல ஆசைப்பட்டேன்னு தெளிவு பண்ணிக்க. நியூசிலாந்து போனீனா, பாதத்துல கம்பளி ஒட்டின பூட்ஸை 2008-லயே அங்க தடை பண்ணிட்டாங்க, ஓடைக்கு ஓடை பாசி பரவுதுன்னு. மத்த பூட்ஸையும் கழுவிக் காய வெச்சுட்டுப் போ, ஏர்போர்ட்டுல பிரிச்சுப் பாப்பாங்க. உன்ர ரூம்பு இருக்கற லட்சணத்துக்கு உன்னையவே திருப்பி அனுப்பினாலும் அனுப்புவாங்க.

ஆனா ஒண்ணு கண்ணு. நீ மீனைத் தேடி நியூசிலாந்து போறே. அந்த நியூசிலாந்து மீனு நம்மளைத் தேடி நீலகிரிக்கு வந்து நூறு வருசத்துக்கு மேல ஆச்சு. 1863-லயே டாக்டர் ஃபிரான்சிஸ் டே சீமையிலேருந்து ட்ரவுட்டைக் கொண்டாந்து இங்க வளக்கப் பாத்தாரு, நடக்கலே. அப்பறம் வில்சன்னு ஒரு மீன் நிபுணர் வந்தாரு. இலங்கை நுவரெலியாவிலேருந்து குஞ்சு கொண்டாந்து, 1907-ல அவலாஞ்சியில பண்ணை வெச்சாரு. பின்னால நியூசிலாந்து முட்டையும் வந்துச்சு. நியூசிலாந்துக்கோ அது 1883-ல கலிஃபோர்னியாவிலேருந்து போனது. பாஸ்போர்ட்டு இல்லாம அந்த ரெயின்போ ட்ரவுட்டு சுத்தின சுத்துல பாதி நீ சுத்தினாலே பெரிசு. காஷ்மீருக்கும் இப்படித்தான், ஸ்காட்லாந்திலேருந்து வந்த பிரவுன் ட்ரவுட்டு 1900-ல நெலைச்சுது. லித்தர் ஆத்துல ஒவ்வொரு துண்டா அளந்து வெச்சு, பர்மிட்டு குடுக்கறாங்க. வெளிநாட்டுக்குப் போற காசுல கால்வாசி போதும் அதுக்கு.

மொதல்ல நம்ம மலையைப் பாரு. காலங்காத்தால போ. தண்ணி 20 டிகிரியைத் தாண்டினா ட்ரவுட்டு தடுமாறும், அந்நேரம் அதைச் சீண்டறது பாவம். ஆனி ஆடியில மேல அடிக்கற காத்துக்கு உன்ர நூலு உன்ர காதைத்தான் புடிக்கும், அதனால தொப்பியும் கண்ணாடியும் கட்டாயம். எந்த ஓடையில எறங்கலாம், எதுல கூடாதுன்னு மீன்துறையிலயும் வனத்துறையிலயும் கேட்டு, சீட்டு வாங்கிட்டு எறங்கு. முக்குருத்தி தேசியப் பூங்காப் பக்கம் தூண்டிலோட எட்டிக்கூடப் பாக்காதே. காட்டெருமை எதுக்க வந்துச்சுன்னா வழியை உட்டுரு, அதுக்குச் சீட்டெல்லாம் காட்ட முடியாது.

புடிச்சதைத் திரும்ப ஆத்துலயே உட்டுருவேங்கறே. நல்லதுதான், உடறதுன்னா ஒழுங்கா உடு. முள்ளோட கொக்கியைக் குறட்டுல நசுக்கிக்க, கையை நனைச்சுட்டுத் தொடு, போட்டோவுக்காக அதை வானத்துல தூக்கிட்டு நிக்காதே. ஆனா வெறுங்கையோட ஊட்டுக்கு வந்தீனா அம்முச்சிக்கு யாரு பதில் சொல்றது? மூணு நாளு லீவு போட்டு, அத்தனை காசு செலவு பண்ணி, புடிச்ச மீனை முத்தம் குடுத்து அனுப்பிட்டேன்னு சொன்னா, அவ மந்திரிக்கற ஆளைக் கூட்டியாந்துருவா. அதனால எறங்கி வர்றப்ப மேட்டுப்பாளையத்துல பவானிசாகர் மீனு ரெண்டு கிலோ வாங்கிக்க. நீயே புடிச்சேன்னு சொல்லு, நான் காட்டிக் குடுக்க மாட்டேன். அவளுக்கு ட்ரவுட்டும் கட்லாவும் ஒண்ணுதான். செதில் எடுத்துத் துண்டு போட்டதை மட்டும் வாங்கிட்டு வந்துராதே.