கரம்பொன் வளவுக் கொன்றைக் கன்றின் நலிவு பற்றிய ஓர் ஆராய்ச்சி

படலையடியில் நட்ட கொன்றைக் கன்று ஏன் வாடுகிறது என்ற வினாவை இதுவரை தாவரவியலாரிடம் விட்டுவைத்தது தவறு. ஆராயப்பட வேண்டியது கன்று அல்ல, கன்றுக்கு உதவுகிறவர்கள். உதவிதான் நோய் என்பது இக்கட்டுரையின் துணிபு. காலையில் வீட்டுக்காரர் ஒரு வாளி தண்ணீர் ஊற்றுகிறார். அது தெரியாமல் பின்னேரம் வீட்டுக்காரி இன்னொரு வாளி ஊற்றுகிறார். பக்கத்து வளவின் சிபாரிசில் ஒரு பிடி யூரியா விழுகிறது. டொரோன்டோவிலிருந்து வீடியோவில் பார்த்த மாமாவின் உத்தரவுப்படி இரண்டு கொப்பும் வெட்டப்படுகின்றன. கரம்பொன் கிணற்றில் இருப்பதோ சுண்ணக்கல்லுக்குள், உவர்நீரின் மேல் மிதக்கும் மழைநீர்ப் படலம். சோளகம் வீசும் மாதங்களில் அது மெலிந்து உவர் ஏறும். அந்தத் தண்ணீரை மேலோட்டமாக ஊற்ற ஊற்ற, நீர் ஆவியாகி உப்பு மட்டும் வேரடியில் தங்கும், இலையோரம் கருகும். கருகலைக் கண்டவர் "தண்ணி காணாது" என்று மூன்றாவது வாளியைத் தூக்குவார். இதற்கு 'வாளி விதி' என்று பெயரிடுகிறோம்.

எதிர்வாதிகள் பசளையை முன்வைப்பர். பிரசெல்ஸ்காரரான வான் ஹெல்மொன்ட் 200 இறாத்தல் காய்ந்த மண்ணில் 5 இறாத்தல் வில்லோக் கன்றை நட்டு, தண்ணீர் மட்டும் விட்டார். 5 ஆண்டில் மரம் 169 இறாத்தலானது; மண்ணில் குறைந்தது ஏறத்தாழ 2 அவுன்ஸ். மரம் முழுவதும் தண்ணீரே என்று அவர் முடிவுகட்டியது பிழை, காற்றை அவர் கணக்கில் சேர்க்கவில்லை. ஆனாலும் மரம் மண்ணைத் தின்று பெருப்பதில்லை என்பது தெளிவாயிற்று. இது அச்சேறியது 1648 இல். பத்தே ஆண்டில், 1658 இல், யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர் கரம்பொன் இருக்கும் எங்கள் தீவுக்கு லைடன் என்று பெயர் விட்டுப் போனார்கள். இந்தப் பாடத்தை விட்டுப் போகவில்லை.

சும்மா விட்டால் பட்டுப்போகாதா என்பது வலுவான ஆட்சேபம். கொன்றை கோடையில் இலை உதிர்க்கும் சாதி. உதிர்ந்ததை மரணம் என்று எண்ணி ஒப்பாரி வைக்க வேண்டியதில்லை. நகத்தால் பட்டையை மெல்லச் சுரண்டினால், உள்ளே பச்சை தெரியும்வரை உயிர் உண்டு. முதலில் அடித்தண்டை மூடிக் குவித்த மண்ணை விலக்கி, வேர் பிரியும் இடம் வெளியே தெரியவிட வேண்டும். தண்டை நெரிக்கும் நைலோன் கயிற்றையும் அவிழ்க்க வேண்டும். காற்றில் ஆடும் தண்டுதான் தடிக்கும் என்பதற்குச் சான்று தேடுவோர், 1973 இல் மார்க் ஜாஃபி என்பவர் எழுதியதைப் படிக்கலாம். பிறகு தண்டில் முட்டாமல் காவோலை பரப்பி, விரலளவு ஆழத்தில் மண் காய்ந்த பின்னரே, நல்ல தண்ணீராக, ஆழ ஊறும்படி விடலாம். யூரியா வேண்டாம். வேரடி உப்பைக் கழுவும் வேலையை ஐப்பசி மழை பார்த்துக்கொள்ளும். அதுவரை வாளியைக் கிணற்றடியிலேயே கவிழ்த்து வையுங்கள். மாமா அழைத்தால், சொன்னதெல்லாம் செய்தாச்சு என்று சொல்லிவிடுங்கள்.