ரசீதில் ஓடும் மணி

2022 டிசம்பரில் தமிழ்நாட்டில் வீதிக்கு வீதி கடிகார நிபுணர்கள் முளைத்தார்கள். அப்போதைய பாஜக மாநிலத் தலைவர் அண்ணாமலை கட்டியிருந்த பெல் அண்ட் ராஸ் கடிகாரத்துக்கு ரசீது எங்கே என்று அப்போதைய திமுக அமைச்சர் செந்தில் பாலாஜி கேட்டதில் பிறந்த படிப்பு அது. ரஃபேல் விமானத்தின் பெயரில் 500 மட்டுமே செய்த ரகம். தம்முடையது 147ஆம் எண் என்றார் அண்ணாமலை. 2023 ஏப்ரல் 14 அன்று ரசீதும் வந்தது: இன்னொருவரிடம் 3 லட்சம் ரூபாய்க்கு வாங்கியதாம். உடனே சந்தேகம் கடிகாரத்தை விட்டு ரசீதின் மேல் தாவியது.

பழைய கடிகாரத்தை எப்படிச் சோதித்து வாங்குவது என்று சோளிங்கர் மலையடிவார டீக்கடைக்காரரும் இப்போது பாடம் எடுப்பார். வரிசை எண்ணும் உத்தரவாத அட்டையும் ஒத்துப்போகணும். பின்மூடியைக் கழற்றி இயந்திரத்தைப் பார்க்கணும். முகப்புக்குப் புதுச் சாயம் பூசியிருந்தால் விலை விழும், அளவுக்கு மீறி பாலிஷ் போட்டாலும் விழும். பழசு பழசாகவே இருந்தால்தான் மரியாதை. மனிதர்களுக்கு இந்தச் சலுகை இல்லை.

கடிகாரத்தின் தோல் வார் விஷயத்தில் மட்டும் நம்மை யாரும் ஏமாற்ற முடியாது. ஆம்பூர், ராணிப்பேட்டைத் தோலைத் தடவியே சொல்லிவிடுவோம். "கடிகாரம் டூப்ளிகேட்டுங்க, வார் ஒரிஜினல்" என்று தீர்ப்பு வழங்கும் வட்டாரம் வேறெங்கே உண்டு?

விலைக்கு வருவோம். நடிகர் பால் நியூமன் கட்டிய ரோலெக்ஸ் டேடோனா 2017இல் நியூயார்க் ஏலத்தில் சுமார் 1.78 கோடி டாலருக்குப் போனது. அதே ரகம் ஒருகாலத்தில் கடைகளில் சீந்துவாரின்றிக் கிடந்ததுதான். காசு, அதைக் கட்டிய கைக்கு.

ஆகவே, பழைய கடிகாரம் வாங்குவோர் ரசீதைப் பத்திரமாக வையுங்கள். மணி பார்க்கக் கைபேசி இருக்கிறது.